மிதவை எண் அறுபத்தொன்று

கடலில் போட்டாலும் அளந்துதான் போடுகிறோம்.
ஒரு மிதவைக்கும் அடுத்ததற்கும் எழுபது அடி.
அடியில் ஒன்றரை டன் கருங்கல்,
கல்லிலிருந்து மேலே வரும் சங்கிலி.
மூன்று வருடத்துக்கு ஒருமுறை ஆள் முங்கிப் பார்த்து
எந்தக் கண்ணி தேய்ந்தது என்று எழுதித் தரவேண்டும்.
மெய்ன் மாநிலத்தில், ஹால்சி கோவ் என்ற சின்ன ஊரில்
துறைமுக அதிகாரி நான். வெர்னா திபடோ.
ஊராட்சி எனக்குக் கொடுத்தது
ஒரு படகு, ஒரு பேரேடு,
ஓர் அபராதச் சீட்டுப் புத்தகம்.

மிதவைகள் இருநூற்றுப் பதினான்கு.
காத்திருப்பவர்கள் நூற்று நாற்பத்து மூன்று பேர்.
பிள்ளைக்குப் பல் முளைக்குமுன் பெயர் பதிந்தவர்கள் இருக்கிறார்கள்.
மணவிலக்கில் வீட்டை விட்டுக்கொடுத்து
பட்டியலில் தன் இடத்தை வைத்துக்கொண்டவரும் உண்டு.

மார்ச்சில் ஆல்டன் பிங்கம் இறந்தார்.
அறுபத்தொன்று அவருடையது.
விதி ஒன்பது, உட்பிரிவு இ:
மிதவை சொத்து அல்ல, வாரிசுக்குச் சேராது.

தீயணைப்பு நிலைய மாடியில் கூட்டம்.
ஹெஸ்டர் பிங்கம் கோட்டைக் கழற்றாமல் நின்று கேட்டாள்:
"படகு என் பெயரில். அதன் கடனும் என் பெயரில்.
கீழே கிடக்கிற சங்கிலி நாங்கள் வாங்கியது.
நடுவில் இருக்கிற தண்ணீர் மட்டும் உங்களுடையதா?"
குழுவில் ஐவர். யாரும் நிமிரவில்லை.
கீழே யாரோ வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தார்கள்.
ஐந்துக்குப் பூஜ்யம்.
அவள் பெயரைப் பட்டியலின் கடைசியில்
நானே எழுதினேன்.

பட்டியலின் தலையில் கார்வின் பீல்.
பத்தொன்பது வருடம்.
கட்டணம் நூற்றெண்பது டாலரை எண்ணி வைத்துவிட்டுச் சொன்னார்:
படகு இல்லை, முழங்கால் அறுவைக்காக விற்று நாலு வருடமாச்சு.
"ஆனாலும் எதிலும் நான் முதல் ஆளாக வந்ததில்லை, வெர்னா.
ரசீது கொடு."

ஹெஸ்டர் தன் முப்பத்தோரடிப் படகை
('இரண்டாம் அடமானம்' என்று பெயர், ஆல்டனின் நகைச்சுவை)
ஊர்த்துறையில் கட்டினாள்.
அங்கே இரண்டு மணி நேரம்தான் அனுமதி.
கடிகாரத்தோடு போய் நின்றேன்.
ஒரு மணி ஐம்பத்தைந்து நிமிடத்தில் கயிற்றை அவிழ்த்தாள்,
மணிமிதவையைச் சுற்றினாள்,
திரும்பி வந்து கட்டினாள்.
திரும்பி வரக்கூடாது என்று விதியில் இல்லை.
தேடிப் பார்த்தேன்.

அவர் இருந்தவரை அவள் சுக்கானைத் தொட்டவளில்லை.
ஜூனில் துறையில் மோதிப் பெயின்ட் பெயர்ந்தது.
இறால் கூடை டாரல் கூம்ஸ் கத்திய வார்த்தைகளை
அறிக்கையில் 'கருத்து' என்று குறித்தேன்.
ஆகஸ்டில்,
தென்மேற்குக் காற்று, வற்றுகிற ஓதம்,
ஒரு கை சக்கரத்தில், மறுகையில் பாதி தின்ற பீச் பழம்.
மேசை இழுப்பறை மூடுவதுபோல்
படகு பக்கவாட்டில் வந்து பொருந்தியது.
டாரல் தொப்பியைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டான். அவ்வளவுதான்.

கார்வின்? எட்டடித் துடுப்புப் படகு ஒன்றை இரவல் வாங்கி
காலையில் அறுபத்தொன்றில் கட்டி,
உட்கார்ந்து செய்தித்தாள் படிக்கிறார்.
மூன்று புகார்கள்.
டேப்போடு போய் அளந்தேன்.
'கலம்' என்கிறது விதி. எத்தனை அடி என்று சொல்லவில்லை.
"தேறுமா?" என்றார்.
"மிதக்கிறதே" என்றேன்.

நேற்று மூடுபனி.
ஹெஸ்டர் அந்தப் பக்கம் போனாள்.
அங்கே ஐந்து நாட் வரை போகலாம்.
இரண்டில் போனாள்,
அவர் மடியிலிருந்த காபி தளும்பாதபடி.
இருவரும் பேசிக்கொள்ளவில்லை.
எனக்குத் தெரிந்து
இதுவரை பேசிக்கொண்டதும் இல்லை.

அக்டோபர் கூட்டத்துக்கு நிகழ்ச்சி நிரல் அடித்தாயிற்று.
நான்காவது: 'கலம்' என்ற சொல்லை வரையறுத்தல்.
ஐந்தாவது: இரண்டு மணி நேரம் எப்போது புதிதாகத் தொடங்குகிறது.
எனக்கு வாக்கு இல்லை.
நாற்காலி போடுவேன், காபி வைப்பேன்.
வழக்கமாக ஆறு நாற்காலி போதும்.
இந்தமுறை தேவாலயத்தில் நாற்பது கேட்டிருக்கிறேன்.