குரல்: இயல்பு

படுக்கை எண் பதினாறு. யூசேபியா வராச்சி. வயது ஐம்பத்திரண்டு.
உருளைக்கிழங்கு வியாபாரம், எல் ஆல்ட்டோ சந்தை.
கழுத்தின் முன்புறம், இடப்பக்கம், எலுமிச்சை அளவில் தொடங்கி
இப்போது மாதுளை அளவு வீக்கம்.
விழுங்கினால் மேலேறி இறங்குகிறது.
பதினொரு வருடமாக. வலியில்லை.
இதுவரை என் கையெழுத்து ஒழுங்காகவே இருக்கிறது.

குரல்?
ஈ என்று நீட்டச் சொன்னேன். நீட்டினார்.
பத்துவரை எண்ணச் சொன்னேன்.
அய்மாராவில் எண்ணி, ஏழில் நிறுத்தி,
"போதுமா, இன்னும் கடன் பாக்கியா?" என்றார்.
வார்டே சிரித்தது.
எழுதினேன். குரல்: இயல்பு.

அன்றிரவு தேர்வுக்குப் படித்தது அந்த நரம்பைத்தான்.
தலையோட்டின் அடியிலிருந்து கிளம்பி
குரல்வளையை உரசாத குறையாகத் தாண்டி
நெஞ்சுக்குள் இறங்கி
பெருந்தமனியின் வளைவை ஒரு சுற்றுச் சுற்றி
மறுபடி மேலேறி
தாண்டிப்போன வீட்டுக்கே வந்து கதவு தட்டுகிறது.
லாமாவுக்கும் இதே சுற்றுதான்,
கழுத்தின் நீளம் அங்கே இரட்டைச் செலவு.
"அப்படியானால் துப்புவதற்கு முன்
அது நன்றாக யோசிக்கிறது" என்றாள் அறைத்தோழி ஹெனோவேவா,
விளக்கை அணைக்கச் சொல்லிவிட்டு.

இரண்டரை மணி நேரம் கொக்கியைப் பிடித்து நின்றேன்.
மூச்சுக்குழலுக்கும் உணவுக்குழலுக்கும் நடுவே ஒரு பள்ளம்.
பள்ளத்தில் வெண்ணூல்.
நூலின்மேல் நெளியும் மயிரளவு ரத்தக்குழாய்.
"இதோ" என்றார் மருத்துவர் பல்திவியேசோ.
கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு
அறை முழுதும் அதையே பார்த்தது.
அறுபடவில்லை. இழுபடவில்லை. எல்லாருக்கும் மூச்சு வந்தது.

அதற்கு முன்பே
சுரப்பியின் மேல்முனையில்
தமனியைக் கட்டிய அரை நிமிடம் ஒன்று இருந்தது.
அங்கே யாரும் எதையும் "இதோ" என்று சொல்லவில்லை.
நான் கை மாற்றிக்கொண்டிருந்தேன். விரல்கள் மரத்திருந்தன.

மறுநாள். ஈ நீண்டது.
தண்ணீர் குடித்தார், புரையேறவில்லை.
குரல்: இயல்பு. வீட்டுக்கு அனுப்பலாம்.

எட்டு வாரம் கழித்து ஒரு வியாழக்கிழமை
பழைய கோட்டு வாங்கப் போன இடத்தில்
பானைமூடியைக் கரண்டியால் தட்டிக்கொண்டிருந்தார்.
உலர்ந்த கறுப்புக் கிழங்கு மேடு, நீலத் தார்ப்பாய்,
தழும்பு மேல் சால்வை.

"பேச வருகிறது, டாக்டரம்மா. கூவத்தான் வரவில்லை."
கூவியும் காட்டினார்.
ஏறியது. பாதியில் படி இல்லாததுபோல் நின்றது.
முன்பெல்லாம் அது மூன்று வரிசைக் கடைகளைத் தாண்டி
கேபிள்காரின் தூண்வரை போகுமாம்.
இப்போது எதிர்க்கடை தொமாசாவுக்கு நல்ல வியாபாரம்.

கால் கிலோ கேட்டேன். எடை சரியாக இருந்தது,
விலையில் ஒரு காசு குறைக்கவில்லை.
சில்லறையை எண்ணிக்கொண்டே கேட்டார்:
"அந்தத் தாளில் என் தொழிலையும் எழுதினீர்கள்தானே?"

எழுதியிருந்தேன்.
குரலுக்கு ஐந்து வரி மேலே.

புத்தகத்தில் அது சின்ன எழுத்தில் இருந்தது,
நான் மஞ்சள் பூசாத பத்தியில்:
மேல் குரல்வளை நரம்பின் வெளிக்கிளை.
மேல்முனைத் தமனியோடு ஒட்டி இறங்கும்.
குரல்நாணை இழுத்து முறுக்கும் ஒரே தசைக்கு உரியது.
போனால் பேச்சு போகாது. உச்சம் போகும்.

படுக்கை எண் நான்கு. வில்மர் தீத்திரிக்கு. வயது பத்தொன்பது.
மினிபஸ்ஸில் ஆள் ஏற்றுகிறவன்.
ஈ வேண்டாம், என்றேன்.
பஸ் நிற்கிறது, ஒரு இடம் காலி, கூப்பிடு.
தயங்கினான். பக்கத்துப் படுக்கையைப் பார்த்தான்.
பிறகு கூப்பிட்டான்:
"லா சேஹா, லா சேஹா, லா சேஹாஆ!"
சலைன் பாட்டில் ஆடியது.
யாரோ தூக்கத்தில் எழுந்து செருப்பைத் தேடினார்.
செவிலி ஓடிவந்து என்னைத்தான் திட்டினாள்.

எழுதினேன்.
குரல்: தாழ்வாரத்தின் கடைசிவரை.