நான்காவது வாடை

அக்டோபர் கடைசி ஞாயிறு
கடிகாரத்தை ஒரு மணி பின்னே தள்ளினார்கள்.
மான்களுக்கு யாரும் சொல்லவில்லை.

திங்கள் மாலை ஐந்தரைக்கே இருட்டு.
மெஷெடேயில் ஷிஃப்ட் முடிந்த கார்கள்
பீச் மரக்காட்டை ஊடறுத்து
வரிசையாய் வீடு திரும்புகையில்
அவையும் புறப்படும்
துளிர்விட்ட கோதுமை வயலுக்கு.

நானும் டெட்லெஃபும்
சாலைக் கம்பங்களுக்கு நீலம் பூட்டுகிறோம்,
ஐம்பது மீட்டருக்கு ஒன்று.
கார் விளக்கு பட்டால்
காட்டுப்பக்கம் நீலம் சிதறும்.
மான் பார்க்குமா என்றால்
ஓட்டுகிறவன் பார்த்தால் போதும் என்கிறான் டெட்லெஃப்.
ஆராய்ச்சிக்காரர்களுக்குள்ளேயே இன்னும் இழுபறி.
எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்:
ஸ்க்ரூ துருப்பிடிக்கக் கூடாது,
சேறு படிந்தால் துடைக்க வேண்டும்.

மேட்டு வளைவில் நீலம் போதாதென்று
மரங்களுக்கு நுரை அடிக்க வந்தாள்
வேட்டைக்காட்டைக் குத்தகை எடுத்த ஃபிராவ் ஹெங்ஸ்பாக்.
ஷேவிங் க்ரீம் மாதிரி ஒரு டப்பா.
மூக்கைப் பொத்திக்கொண்டு லேபிளை வாசித்தேன்:
ஓநாய். கரடி. லின்க்ஸ். மனிதன்.

எந்த மனிதன் என்று போடவில்லை.
யார் வியர்வையைப் பிடித்து அடைத்தார்களோ.
பஸ்ஸில் என் பக்கத்து இருக்கை
மூன்று ஊர் தாண்டியும் காலியாகவே வந்த
நாட்கள் எனக்கு உண்டு.
காட்டுக்கு அந்த வேறுபாடெல்லாம் இல்லை.
டெட்லெஃபும் நானும் ஒரே வாடை,
லின்க்ஸுக்கு அடுத்த வரி.

வியாழன் விடியுமுன் கூப்பிட்டார்கள்.
வளைவு இல்லை, நுரை அடிக்காத நேர்ச்சாலை.
முதியோர் இல்லத்தில் இரவு வேலை முடித்த பெண்.
சரியாகத்தான் செய்திருக்கிறாள்:
விளக்கைத் தாழ்த்தி, ஹார்ன் அடித்து,
ஸ்டியரிங்கைத் திருப்பாமல் பிரேக்கை மிதித்து.
முதல் மான் தாண்டிவிட்டது.
"போயிட்டுதெண்டு காலை எடுத்திட்டன்" என்று
என் பாஷையில் சொல்லியிருப்பாள், எங்கள் ஊர்ப் பெண்ணாயிருந்தால்.
ஜெர்மனில் அதையே
திரும்பத் திரும்பச் சொன்னாள்.
இரண்டாவது, குட்டி.

காப்பீட்டுக்கான சான்றை
பானெட்டின் மேல் வைத்து எழுதினாள் ஃபிராவ் ஹெங்ஸ்பாக்.
விலங்கு: மான். வயது: ஐந்து மாதம்.
உரிமையாளர்: எவருமில்லை.
நான் பின்னங்கால்களைப் பிடித்தேன்.
கையுறையைத் தாண்டிச் சூடு வந்தது.

தாய் போயிருக்கவில்லை.
பள்ளத்துக்கு அப்பால் நின்று
முகர்ந்துகொண்டிருந்தது.
காற்று எங்களிடமிருந்துதான்
அதன் பக்கம் வீசியது.
ஓடு, என்றேன்.
தமிழில்.
ஓடவில்லை.