பன்னிரண்டு அறை

கண்ணாடித் தம்ளருக்கு
பிராந்திப் பெட்டியைவிட நல்ல பெட்டி கிடையாது.
உள்ளே பன்னிரண்டு அறை, நடுநடுவே அட்டைச் சுவர்,
ஒன்றின் தோள் ஒன்றில் படாது.
புதுச்சேரியில் வாடகைக்கு இருக்கிற எல்லோருக்கும்
தெரிந்த விஷயம் இது.
எனக்கும் தெரியும்.
தெரிந்தும் மூன்று நாள்
மளிகைக்கடை, மருந்துக்கடை, செருப்புக்கடை என
நெல்லித்தோப்பு முழுக்க வேறு பெட்டி கேட்டு அலைந்தேன்.

"நான் போய் வாங்கிட்டு வரேன்" என்றார் லூர்துநாதன்.

நாலு வருஷம் ஏழு மாசமாக
அந்தக் கடை இருக்கிற தெருவை விட்டு
சுற்றிக்கொண்டு வேலைக்குப் போகிற மனுஷன்.
சரி என்றும் சொல்லவில்லை நான்
வேண்டாம் என்றும் சொல்லவில்லை.
பழைய பேப்பரைத் தாள்தாளாகப் பிரித்துக்கொண்டிருந்தேன்.

தட்டைப் படுக்கவைக்கக் கூடாது.
நிற்கவைக்க வேண்டும்.
மேலே கனம் விழுந்தால் படுத்த தட்டுதான் முதலில் பிளக்கும்.
கோப்பைக்கு உள்ளே முதல் தாள், பிறகுதான் வெளியே;
காதுக்குத் தனியாக ஒரு சுற்று.
ஊறுகாய் ஜாடி மூடியைக் கவிழ்த்து நடுவில் பனியன் துணி.
துலூசிலிருந்து நாத்தனார் அனுப்பிய சூப் கிண்ணம் ஆறில்
மிச்சம் நாலு.
மற்ற இரண்டும் ஒரு ஈஸ்டர் ராத்திரியில் போயின.
நாலையும் என் கல்யாணப் புடவைக்குள் வைத்துச் சுருட்டினேன்.

கடைக்குப் போய்வரப் பத்து நிமிஷம்.
நாற்பது நிமிஷம் ஆனது.
காது வாசல் கேட்டில் இருந்தது,
கை மட்டும் சுற்றிக்கொண்டே இருந்தது.

சைக்கிள் கேரியரில் மூன்று பெட்டி.
"என்னைப் பாத்ததும் ஒரு குவார்ட்டரை எடுத்து வெச்சுட்டான்.
பெட்டிதான் வேணும்னேன்.
நம்பல. ரொம்ப நேரம் நம்பல."
நான் கிட்டே போகவில்லை.
பெட்டியைத்தான் குனிந்து முகர்ந்து பார்த்தேன்.

தவளக்குப்பம், கிருமாம்பாக்கம், கன்னியகோயில்,
குட்டியானையின் பின்னால் உட்கார்ந்து
ஒவ்வொரு வேகத்தடைக்கும் பெட்டியை அணைத்துக்கொண்டேன்.
முள்ளோடையில் கடைசிக் கடைகளின் நியான் வெளிச்சம்,
அப்புறம் ஆறு,
அப்புறம் ஆல்பேட்டை செக்போஸ்ட்.

"எறக்கு."
"பாத்திரம் சார்."
"எல்லாரும் அதான் சொல்றான்."

பைக் சாவியால் டேப்பைக் கிழித்தார் ஏட்டு.
முதல் அறை. வாழைப்பூ மடல் உரிப்பதுபோல் உரித்தார்.
தம்ளர்.
இரண்டாவது. தம்ளர்.
மூன்றாவதை உரிக்காமல் காதருகே வைத்து ஆட்டினார்.
சத்தமே வரவில்லை.
அந்த நேரத்திலும் எனக்கு அதில் ஒரு பெருமை.
நாலாவது, கோப்பை.
அதைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார்,
"குடிப்பியா?"

பின்னால் கரும்பு லாரி ஹார்ன் அடித்தது.
டிரைவர் எங்கேயோ பார்த்தான்.

"முன்ன" என்றார் லூர்துநாதன்.

ஏட்டு ஒன்றும் சொல்லவில்லை.
கீழே விழுந்த தாளை எடுத்து
கோப்பையைத் தானே சுற்ற ஆரம்பித்தார்,
வெளியே மட்டும்.
வாங்கிப் பிரித்தேன்.
உள்ளே ஒரு தாளைக் கசக்கி வைத்து
மறுபடி சுற்றினேன்.
பார்த்துக்கொண்டு நின்றார்.
லாரி இன்னொரு தரம் அடித்தது.

மஞ்சக்குப்பத்தில் இறக்கும்போது
எதிர்வீட்டுப் பெண் பெட்டிகளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.
"தட்டு, தம்ளர்" என்றேன்.
அப்படியா என்று தலையாட்டினாள்.

இரவு எண்ணிப் பார்த்தோம்.
தம்ளர் ஒன்றும் போகவில்லை.
கோப்பைகள் சரி, கிண்ணம் நாலும் சரி.
உடையாது என்று ஒரு துணிகூடச் சுற்றாமல்
மூலையில் போட்ட எவர்சில்வர் தூக்கு மட்டும்
வயிற்றில் நசுங்கிக் கிடந்தது.

அவர் உள்ளே கை விட்டு
கட்டைவிரலால் தள்ளிப் பார்த்தார்.
டொக் என்று ஒரு சத்தம்.
கொஞ்சம் வந்தது.
முழுசாக வரவில்லை.