ஆபத்து அட்டவணை, வரிசை ஏழு

கடைசி நேரம் மாலை ஐந்து, பிரஸ்ஸல்ஸ் கணக்கில்.
எங்கள் சுவர்க் கடிகாரத்தில் ஆறு.
ஐரோப்பா நமக்குத் தந்த முதல் மானியம்
இந்த ஒரு மணி நேரம்தான் என்பான் ராய்விஸ்.

காற்று பிறக்கும் ஊர் என்பார்கள் லியெபாயாவை.
பிறந்த காற்று நேரே எங்கள் ஜன்னலுக்குத்தான் வரும்.
கீழே மீனுக்குப் புகை போடும் கூடம்,
மேலே நாங்கள், இரண்டரைப் பேர்:
நான், ராய்விஸ்,
வியாழக்கிழமைகளில் மட்டும் கணக்கெழுத வரும் ட்ஸித்ரா.
வங்கிக்குப் போனால் என் கோட்டை மோந்துவிட்டு
மீன் வியாபாரமா என்று கேட்கிறார்கள்.

நாங்கள் செய்வது ஒரு காது.
தீப்பெட்டி அளவு.
காற்றாலை இறகின் உள்ளே ஒட்டிவைத்தால்
விரிசல் விழும் முதல் ஓசையைக் கேட்கும்.
உறைந்த குளத்தில் முதல் அடி வைக்கையில்
காலுக்குக் கீழே ஒன்று கேட்குமே, அது.

இவ்வளவுதான் விஷயம்.
படிவத்துக்கு ஐம்பது பக்கம் வேண்டும்.

இதுபோல் உலகில் எதுவும் இல்லை என நிரூபிக்கவும்.
இதற்காக உலகமே காத்திருக்கிறது எனவும் நிரூபிக்கவும்.
ஒன்பது படிகளில் எத்தனையாவதில் நிற்கிறீர்கள்?
ஐந்து என்றால் குழந்தை என்பார்கள்,
ஏழு என்றால் வளர்ந்தவனுக்கு எதற்குப் பால் என்பார்கள்.
ஆறு என்று போட்டேன்.
உண்மையில் வெயிலில் ஏழு, மழையில் நாலு.

ஐந்தாண்டு கழித்து எத்தனை பேருக்கு வேலை தருவீர்கள்?
முப்பத்தேழு என்றாள் ட்ஸித்ரா, தலை நிமிராமல்.
ஏன் முப்பத்தேழு?
நாற்பது என்றால் கற்பனை என்று தெரிந்துவிடும்.

ஐந்தேகாலுக்கு ஆபத்து அட்டவணைக்கு வந்தோம்.
ஒரே ஃபைல், இரண்டு லேப்டாப்.
அவன் கர்சர் பச்சை, என்னுடையது ஊதா.
சிப் தட்டுப்பாடு. காப்புரிமை வழக்கு. பனி.
வரிசை ஏழு நான் எழுதியது,
எல்லோரும் எழுதுகிறார்களே என்று:
முக்கியப் பணியாளர் விலகல்.
வாய்ப்பு: நடுத்தரம்.
விளைவு: கடுமை.

பச்சை கர்சர் அங்கே போய் நின்றது.
துடித்துக்கொண்டே நின்றது.
பிறகு ‘நடுத்தரம்’ ஒவ்வோர் எழுத்தாய் அழிந்து
‘அதிகம்’ என்று ஆனது.

மூன்று மீட்டர் தள்ளித்தான் உட்கார்ந்திருந்தான்.
காதில் ஹெட்போன்.
கழுத்து மட்டும் சிவந்திருந்தது.

எங்கே என்று கேட்டிருக்கலாம்.
எப்போது என்று கேட்டிருக்கலாம்.
நாற்பது நிமிடம் இருந்தது,
இணைப்பு நான்கு இன்னும் ஏறவில்லை.
தணிப்பு நடவடிக்கை என்ற கட்டத்தில்
‘ஆவணப்படுத்தல், அறிவுப் பகிர்வு’ என்று எழுதினேன்.
இன்னும் நூற்றெண்பது எழுத்துக்கு இடமிருந்தது.
விட்டுவிட்டேன்.

ஐந்து ஐம்பத்திரண்டுக்கு அனுப்பினோம்.
கீழேயிருந்து யாரோ புகையேற்றிய விலாங்கு கொண்டுவந்தார்கள்.
மூவரும் கையாலேயே பிய்த்துத் தின்றோம்,
விசைப்பலகையில் எண்ணெய் பட.

மே மாதம் பெர்கனுக்குப் போனான்.
அங்கே கடலுக்குள்ளேயே ஆலை நடுகிறார்களாம்.
தன் கோப்பையை எடுத்துக்கொள்ளவில்லை.

ஜூனில் கடிதம் வந்தது.
பதினைந்துக்குப் பதின்மூன்று புள்ளி இரண்டு.
தகுதிக் கோடு பதின்மூன்று.
பணம் பதின்மூன்று புள்ளி நான்கோடு தீர்ந்துபோயிற்று.
உங்கள் திட்டம் சிறப்பானது என்று
முத்திரையிட்ட தாள் ஒன்று இணைப்பில்.
வாடகைக்காரர் அதை வாங்கிக்கொள்ள மாட்டார்.
ட்ஸித்ரா சட்டம் போட்டு மாட்டச் சொன்னாள்;
ஜன்னலில் காற்று வரும் இடுக்குக்கு அளவு சரியாக இருந்தது.

மூன்று மதிப்பீட்டாளர்கள், முகம் தெரியாதவர்கள்.
ஒருவர் சந்தையை நம்பவில்லை.
ஒருவருக்கு முப்பத்தேழு பிடித்திருந்தது.
மூன்றாமவர் எழுதியிருந்தார்:
ஆபத்துகள் அரிதான நேர்மையோடு
அடையாளம் காணப்பட்டுள்ளன.

அந்த ஒரு வரியை அவனுக்கு அனுப்பினேன்.
பார்த்துவிட்டான் என்று நீலக் குறி காட்டியது.

அக்டோபரில் அடுத்த தவணை.
பழைய படிவத்தைத் திறந்து
தேதிகளை மாற்றிக்கொண்டே வருகிறேன்.
வரிசை ஏழில் கட்டத்தைத் தொட்டால்
மூன்றே சொல் விழுகிறது:
குறைவு, நடுத்தரம், அதிகம்.
‘நடந்துவிட்டது’ என்று ஒன்று இல்லை.

குறைவு என்று வைத்தேன்.
பொய்யில்லை;
இனி விலகுவதற்கு நான் ஒருத்திதான் மீதி.