ஐஸ் ஆக்கி

கம்பெனியின் ஐம்பதாம் ஆண்டு மலருக்கு
தலைமைப் பயிற்சியாளர்கள் பட்டியல் வேண்டுமாம்.
பெயர், காலம், பாஸ்போர்ட் சைஸில் ஒரு படம்.
"நீங்கதான சார் அப்ப கணக்குல இருந்தீங்க?"
என்று போனில் கேட்டான் மலர்க்குழுப் பையன்.

இருந்தேன்.
காசிமேட்டு லாஞ்சுகளுக்கு
பார் கணக்கில் ஐஸ் விற்ற கம்பெனி
சம்பளம் கொடுத்து ஒரு டீம் வைத்திருந்தது.
இப்போது சொன்னால் சிரிக்கிறார்கள்.
அப்போதும்தான் சிரித்தார்கள்.
"ஐஸ் ஆக்கி வருது, கம்பளி எடுத்து வை"
என்று கத்துவான் எவனாவது கேலரியிலிருந்து.
எங்கள் கிரவுண்டிலோ புழுதி, நெத்திலிக் கருவாட்டு வாடை,
பத்து மணிக்கே பாதம் பொசுக்கும் செம்மண்.
ஐஸ், வீங்கிய முட்டிக்கு மட்டும்.

முதல் பெயர் மெல்வின் டிக்ரூஸ், ராயபுரம்.
ஞாயிற்றுக்கிழமை ஷூவோடு வந்தவர்
ஆறு வருஷம் கழித்து அதே ஷூவோடு போனார்.
"பந்தைத் துரத்தாதே மேன், அது வரும்" என்பார்.
பந்து வந்தது.
கோப்பைதான் வரவில்லை.

அடுத்து ஹர்பன்ஸ் சிங், பட்டாளத்துக்காரர்.
தமிழில் அவருக்கு இரண்டே வார்த்தை: ஓடு, மோர்.
தினம் இரண்டு லிட்டர் பால் வவுச்சரை
ஆடிட்டர் சிவப்பில் சுழித்தார்.

நீக்கக் கடிதங்களை நான்தான் டைப் அடித்தேன்.
எல்லோருக்கும் ஒரே கடிதம்.
'தங்கள் மேலான சேவைக்கு நன்றி.
இன்று பிற்பகல் முதல்...'
பெயரை மட்டும் மாற்ற வேண்டும்.
சிங்குக்கு அடித்ததில் மாற்ற மறந்தேன்.
மேலே 'திரு. மெல்வின் டிக்ரூஸ்' என்று இருந்தது.
சிங் யாரிடமோ படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டு
"அவர் போயாச்சே?" என்று கைவிரித்துவிட்டு
மறுநாள் காலை விசிலோடு வந்து நின்றார்.
பதினாறு நாள் சம்பளம்
என் ஒரு பிழையால்.

முனவ்வர் பாஷா இரண்டு முறை வருகிறார்.
நீக்கிய அதே மேனேஜர்கள்
ஆறு வருஷம் கழித்து மாலையோடு போக,
"இது அன்னிக்கே போட வேண்டிய மாலையா,
இன்னிக்குப் போடுறதா?" என்று கேட்டிருக்கிறார்.

நடுவில் கோதண்டம், பதினொரு நாள்.
அட்வான்ஸ் வாங்கியவர், திரும்பி வரவில்லை.
பதினொரு நாளைப் பட்டியலில் சேர்ப்பதா?
சேர்த்தேன். பாக்கி இன்னும் நிலுவையில் இருக்கிறது.
பிறகு பீட்டர் ஜெகராஜ். தோற்றால் பேசமாட்டார்.
நான்கு வருஷத்தில் அவர் குரலை நாங்கள்
அதிகம் கேட்டதில்லை.

அப்புறம் வெற்றிடம்.
தொண்ணூற்றொன்று ஜூன் முதல்
மறு வருஷம் பிப்ரவரி வரை யாரும் இல்லை.
ஃபைலைப் புரட்டினேன். சம்பளம் இல்லை, ஆர்டர் இல்லை.
மாதம் ஒரு வவுச்சர் மட்டும்:
'இதர செலவு. டீ, பன்.'
கீழே பேனா அழுந்திய ஓர் எழுத்து: தே.

தேசப்பன்.
கிரஷரில் ஐஸ் உடைப்பவர்.
மட்டையைத் தொட்டதில்லை.
மெல்வின் காலத்திலிருந்து
கிரஷர் ரூம் ஜன்னலில் நின்று பார்த்தவர்,
நைட் ஷிப்ட் முடிந்து, தோளில் ஈரக் கோணியோடு
கோட்டோரம் வந்து நின்றார்.
சொந்தமாக எதுவும் சொல்லவில்லை.
"தொர இன்னா சொல்லும்? பந்து வரும்னு சொல்லும்ல?
அப்பால ஏன் தொரத்துற?"
"பாஷா பாய் இருந்தா இந்த கேப்பை வுட்ருப்பாரா?"
சில நேரம் ஒன்றும் பேசாமல் முறைப்பார்.
அது ஜெகராஜ் என்று பையன்களுக்குப் புரியும்.

எட்டு மாதத்தில் தோற்றது இரண்டே மேட்ச்.
எழும்பூரில் வாங்கிய ஷீல்டு
எம்.டி. அறையில் இன்னும் இருக்கிறது,
ஃபேன் காற்றுக்குப் பேப்பர் பறக்காமல்.

"படம் இருக்கா சார்?"
குரூப் போட்டோவைத் தேடி எடுத்தேன்.
இடது ஓரத்தில், பிரேம் வெட்டிய இடத்தில்
ஒரு தோள். அதில் கோணி.
"தோள மட்டும் எப்பிடி சார் போடறது?"
அது உன் பாடு என்றேன்.

பெயரை அடித்தேன். காலத்தை அடித்தேன்.
கடித நகல்களை வரிசைப்படி கோத்தபோது
தேசப்பனுக்கு மட்டும் ஒன்று குறைந்தது.
வேலைக்கே எடுக்காதவரை
எப்படி நீக்குவது?
பாஷா திரும்பி வந்த அன்று காலை
அவர் ஜன்னலுக்குப் போய்விட்டிருந்தார்.