நாலாவது முடிச்சு

நைலான் கயிற்றில் நாலு முடிச்சு.
முதலாவது பீரோவின் உயரம்,
அடுத்தது கட்டில்,
மூன்றாவது ஃப்ரிட்ஜ், கைப்பிடியையும் சேர்த்து.
நாலாவது எதற்கென்று
எந்த வீட்டுக்காரரிடமும் நான் சொன்னதில்லை.
சொன்னால் முதலில் முகம் மாறும்,
அப்புறம் வாடகை.

"என்ன டைப் வேணும் சேச்சி?
தனி வீடா, ஃப்ளாட்டா, லைன் வீடா?"
தங்கச்சன் குமுளியில் ஒன்று காட்டினான். ஓட்டு வீடு.
ஜன்னலைத் திறந்தால் மேகம்
உள்ளே வந்து உட்காரும் என்றான்.
உட்கார்ந்த தடம் சுவரில் இருந்தது,
பச்சையாக, இடுப்பளவுக்கு.
வாசலுக்குப் பதினெட்டுப் படி.
கீழே ஆட்டோவிலிருந்த வீரணன்
படிகளைக் கண்ணால் ஏறி இறங்கிவிட்டு
"வியூ நல்லாருந்தா ஒரு போட்டோ எடு" என்றார்.

இப்போதிருக்கும் வீட்டில் மூன்றே படி.
அந்த மூன்றுக்கும் இரண்டு பேர் வேண்டும் தூக்க.
பக்கத்து வீட்டுப் பையன்களுக்குப் பரீட்சை வந்தால்
அவருக்கு அந்த மாதம் வெயில் கிடையாது.

கம்பத்தில் மூன்றாவது மாடி.
கரண்ட் இருக்கும்போது லிஃப்ட் உண்டு.
திராட்சைத் தோட்டத்துக் காற்று நேரே ஹாலுக்கு வந்தது.
டைல்ஸில் என் முகம் தெரிந்தது,
கொஞ்ச நேரம் அதிலேயே நின்றேன்.
பாத்ரூம் நிலையில் கயிற்றைப் பிடித்தேன்.
இருபத்துநாலு அங்குலம்.
முடிச்சு வெளியே தொங்கியது.
எந்த வீட்டைக் கட்டினாலும்
சாமிக்கும் விருந்தாளிக்கும் கதவை அளந்துவிட்டு
மிச்சமிருப்பதைத்தான் கக்கூசுக்கு விடுகிறார்கள்.

லோயர் கேம்ப்பில் ஆஸ்பெஸ்டாஸ் லைன் வீடு.
படியே இல்லை, சந்தோஷமாகத்தான் உள்ளே போனேன்.
ஆறு குடும்பத்துக்கு ஒரு கக்கூஸ்,
முற்றத்தின் கோடியில், நடுவில் சேறு.
எந்தச் சேற்றில் மாட்டினாலும்
ஜீப்பை வெளியே எடுத்துவிடுகிற மனுஷன்
அன்று எதுவும் பேசவில்லை.

கூடலூர் மெயின் ரோட்டில் மழைக்கு ஒதுங்கியபோது
என் முதுகுக்குப் பின்னால் ஒரு ஷட்டர்.
காஜா ராவுத்தரின் ஏலக்காய்க் குடோன்,
இரண்டு வருஷமாகப் பூட்டு.
ரோட்டிலிருந்து வாசல்வரை சிமெண்ட் சரிவு,
தள்ளுவண்டி ஏறுவதற்காக.
மூட்டைக்குத்தான் அந்த மரியாதையைச் செய்திருந்தார்கள்.
கயிற்றை அளந்தேன்.
நாலு முடிச்சும் போய், பக்கத்தில்
ஒரு ஆடும் போகலாம்.

"இது வீடில்லையேம்மா," என்றார் ராவுத்தர்.
"ஜன்னல் கிடையாது. கரண்ட் பில் கடை ரேட்டுக்கு வரும்."
எத்தனை லைட் என்று எண்ணினேன்.
பிறகு முதல் தடவையாகச் சொன்னேன்:
சக்கர நாற்காலி இருபத்தாறு அங்குலம்,
சுற்றுகிற கையின் விரல் முட்டிக்கு
இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று.
அவர் கயிற்றை வாங்கிக்கொண்டார்.
பின்சுவரில் சாக்பீஸால் கோடு போட்டு
"கக்கூஸ் கதவு இங்கே. முப்பத்தாறு போதுமா?"
வாடகை குறையவில்லை.
இடிக்கிற செலவில் பாதி என் தலையில்.

ஆவணியில் பால் காய்ச்சினோம்.
ஷட்டரைத் தூக்கினால்
நாங்கள் விழித்தது தெருவுக்கே தெரிகிறது.
தலையணை, சோறு, என் சேலை,
எல்லாவற்றிலும் ஏலக்காய் வாசம்.
நாலரை மணிக்கு மலையேறும் எஸ்டேட் ஜீப்புகளை
படுத்தபடியே கேட்டு
"அவனுக்கு கிளட்ச் தேய்ஞ்சிருச்சு" என்கிறார்.
பையோடு வருகிறவர்கள்
"காய் எடுப்பீங்களா?" என்று கேட்கிறார்கள்.
இல்லை என்று சொல்வதில்லை அவர்,
நேற்றைய ஏல விலையைச் சொல்கிறார்.

இன்று டீ போட்டுத் திரும்பினால்
ஆளைக் காணோம்.
சரிவில் ஈரமான சக்கரத் தடம் இரண்டு,
ரோடு வரைக்கும் போய் இடதுபக்கம் திரும்பியிருந்தது.
பதினாலு மாதத்தில் முதல் தடவை
அவர் எங்கே இருக்கிறாரென்று எனக்குத் தெரியவில்லை.

டம்ளரை மூடி வைத்தேன்.
தேடப் போகவில்லை.