கழித்தல் குறி

பாஸ்னியாவின் மலையிடுக்கில் ஓர் எஃகு ஆலை ஊர்.
பல் மருத்துவமனைக்கு மேலே, மூன்றாம் மாடியில்,
வாடகைக்கு எடுத்த ஒற்றை அறையில்
செனிஜா வரைபடத்துக்கு வண்ணம் தீட்டுகிறாள்.
பச்சை, மஞ்சள், ஆரஞ்சு,
அதற்கும் அப்பால் ஒரு கத்தரிப்பூ நிறம்.

கணக்கு ஃபிக்ரெத்துடையது.
புகைபோக்கியின் உயரம், வாயின் அகலம்,
வெளியேறும் வாயுவின் சூடு,
மலை எங்கே மறிக்கிறது, ஆறு எங்கே குளிர்கிறது
எல்லாம் விசாரித்து,
இரவு இரண்டு மணிக்கு
அவன் நிரல் ஒரு கோப்பைத் துப்பும்.
அதைச் சதுரம் சதுரமாக நறுக்கி
விடிவதற்குள் ஊரின் கைபேசிகளில்
விரித்து வைப்பது அவள் பாடு.
'இன்று சன்னலைத் திறக்கலாமா?'
தளத்தின் பெயரே அந்தக் கேள்விதான்.
பொத்தான் ஒன்று. பதில் இரண்டு.

முதல் வாரம் நாற்பது முறை திறக்கப்பட்டது,
அதில் பதினொன்று செனிஜாவின் அம்மா.
மார்ச்சில் ஆறாயிரம்.

பிறகு யூஷினா வீசியது,
தெற்கிலிருந்து வரும் வெதுவெதுப்பான காற்று.
அந்த ஊரில் தலைவலிக்கு அதுதான் காரணம்,
பேருந்து தாமதமானாலும்
கணவன் எரிந்து விழுந்தாலும் அதுதான்.
நான் எழுதும் இந்த மொழியில்
அதே திசைக் காற்றுக்குப் பெயர் தென்றல்.
நாம் சந்தனம் பூசித்தான் அதை அனுப்பிப் பழக்கம்.
அங்கே அன்று அதன் முதுகில் கந்தகம்.

மூன்று நாள்
ஆற்றங்கரை லூகாவின் மேல் கத்தரிப்பூ பூத்தது.
அடுக்கு வீடுகளில் சன்னல் இடுக்குக்கு
ஈரத்துணி திணித்தார்கள்.
பள்ளியில் பந்தைப் பூட்டி வைத்தார்கள்.
வடக்கே மேட்டில் பிர்தோ பச்சையாக இருந்தது.
பச்சையை நம்பி
படுக்கை விரிப்புகளை வெளியே கொடியில் போட்டார்கள்.

நான்காம் நாள் ஒரு மடல்:
"உங்கள் படம் அழகாக இருக்கிறது.
என் மகள் இரவெல்லாம் உட்கார்ந்தபடியே தூங்குகிறாள்.
படம் சரியென்றால் அவளைத் திருத்துங்கள்.
ரஸிம் தெலாலிச், பிர்தோ, கடைசி வளைவு."

செனிஜா உலாவியைச் சந்தேகித்தாள்,
சர்வரைச் சந்தேகித்தாள்,
ஃபிக்ரெத்தை.
ஃபிக்ரெத் முதலிலிருந்தே அவளை.

வானிலைக் கருவியின் எண்ணை
அவன் நிரலுக்கு ஊட்டும் வரி அவள் எழுதியது.
நூற்றெண்பது என்று கருவி சொன்னது
காற்று புறப்பட்ட வீட்டின் முகவரி.
அவள் அதைப் போய்ச்சேரும் வீடென்று படித்திருந்தாள்.
வாடை, கொண்டல், கோடை, தென்றல்:
நாமும் வந்த திசையைத்தான் பெயராக வைத்தோம்,
போகுமிடத்தை யாரும் காற்றிடம் கேட்டதில்லை.
குளிர்காலம் முழுக்கக் காற்றே இல்லை.
புகை ஊர்மேல் மூடிபோலக் கிடந்தது,
பிழை அதனடியில் இதமாகத் தூங்கியது.

ஒரு கழித்தல் குறி.
விரல்நகம் அளவுகூட இல்லை.
போட்டதும், தூக்கத்தில் புரண்டு படுப்பவன்போல
புகை திரையில் திரும்பிப் படுத்தது,
பிர்தோவின் மேல்.

"சிறு திருத்தங்கள்" என்று குறிப்பு எழுதினாள்.
'சிறு'வை அழித்தாள்.
மிச்சத்தையும் அழித்தாள்.
"மூன்று நாள் காற்றைத் தலைகீழாகக் காட்டினோம்.
பிர்தோ மக்களே, தவறு எங்களுடையது."
ஃபிக்ரெத் சொன்னான்:
ஆலையின் வக்கீல் இந்த வரியைச் சட்டம் போட்டு மாட்டுவான்.
இனி நாம் எதைக் காட்டினாலும்
இதைத்தான் காட்டுவான்.
அவன் சொன்னதில் தப்பில்லை.
அவள் பதிவேற்றிவிட்டு
ஆறிப்போன காப்பியைக் குடித்தாள்.

வக்கீல் இரண்டே நாளில் மாட்டினான்.

அதே வாரம் ரஸிமின் இரண்டாம் மடல்:
"படம் இப்போது மூடச் சொல்கிறது. மூடிவிட்டோம்.
மகள் கொஞ்சம் தேவலை.
புகைபோக்கியை மூடும் பொத்தான்
எந்தப் பக்கத்தில் இருக்கிறது?
கண்ணாடி போட்டுக்கொண்டும் தேடிவிட்டேன்."

அதை ஃபிக்ரெத்துக்கு அனுப்பினாள்.
படித்துவிட்டான் என்பதற்கு இரண்டு நீலக் கோடுகள்.
பதில் இல்லை.

இரண்டு மணிக்குக் கோப்பு வந்தது.